வாழைக்குள் போகும் வழி

பாறசாலை
18 ஜனவரி 1976

அன்புள்ள அண்ணனுக்கு ராஜபாய் எழுதுவது.

ஓணத்துக்குப் பிறகு நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. கேஸ் விஷயம் எழுதிய பிறகுதான் அண்ணன் எழுதுவதை நிறுத்தியது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. துபாயில் தபால்காரர்கள் ஸ்டிரைக் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே அப்படியெல்லாம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, அதனால் நம்பிவிட்டார்.

அந்தக் கடிதங்கள் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு திரும்பவும் எழுதுகிறேன். நாம் குடியிருக்கும் பத்து சென்டை, பிறர் நிலத்தில் வீடு வைத்திருப்பவருக்குச் சட்டம் தரும் குடிகிடப்பு உரிமையில் நமக்குப் பதிந்து தர வேண்டும் என்று அப்பா நெய்யாற்றின்கரை லேண்ட் டிரிபியூனலில் மனுக் கொடுத்திருக்கிறார். நிலத்துக்காரர் கிருஷ்ணன்குட்டி பிள்ளை எதிர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் வீடு எழுபத்தொன்றில்தான் கட்டியதாம், இரக்கப்பட்டு இடம் விட்டாராம். அறுபத்தெட்டு ஆகஸ்டில் நாம் அங்கே குடியிருந்ததாகக் காட்டினால் போதும், நிலம் நமக்கு. காட்ட முடியாவிட்டால் பிள்ளை சொன்ன அன்று இறங்க வேண்டும். ரேஷன் கார்டில் இருப்பது பிள்ளையின் வீட்டு நம்பர். நம் வீட்டுக்கு யாரும் நம்பரே போட்டதில்லை. சாட்சி சொல்ல வாறேன் என்ற பொன்னப்பன் மாமன் இப்போது எதிரே கண்டால் வயலில் இறங்கி நடக்கிறார்.

இனி என் சமாசாரம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன மியூசியம். ஆறு மாதத் தற்காலிக வேலை. உதியன்குளங்கரையில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் ஒன்பதுக்கு முன்னால் போய்விடலாம். காகிதத்தில் உள்ள படங்களின் பிரிவை எனக்குத் தந்திருக்கிறார்கள். அறை முழுக்கத் தட்டைப் பெட்டிகள். செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த வெள்ளைக்காரர் படங்கள், கல்லச்சில் அடித்த சாமி படங்கள், மரக்கட்டையில் செதுக்கி அடித்தவை, பென்சிலாலும் மையாலும் கையால் வரைந்தவை. ஒவ்வொன்றையும் எடுத்து அளக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காகிதத்துக்குள் கம்பெனிக் குறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சி அரித்த ஓட்டை, கறை, கிழிசல் எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்துக்கு 'நிலை' என்று பெயர். பேனா அந்த அறைக்குள் வரக் கூடாது, எல்லாம் பென்சில்தான். முதல் வாரம் நான் மூச்சு விடவே பயந்தேன். மத்தியானம் மற்றவர்கள் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். நான் படிக்கட்டில் இருந்து சாப்பிடுவேன். யாரும் போகச் சொன்னதில்லை, எனக்கே ஒரு கூச்சம்.

போன வியாழக்கிழமை வந்த பெட்டியின் மேல் பிள்ளையின் பெயர் இருந்தது. நம் பிள்ளைதான். மெட்ராசில் படிக்கும்போது படம் வரையக் கற்றவர் என்று அம்மை சொல்வாள், நினைவிருக்கிறதா? இரண்டு வருஷம் முன்பு நாற்பத்துமூன்று படங்களை மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல கை, அண்ணா. சொல்ல மனசில்லை என்றாலும் சொல்ல வேண்டும். கிணறு, களம், வைக்கோல் போர், எல்லாம் தொட்டால் சூடாக இருக்கும்போல இருக்கிறது.

ஒரு படம் அவருடைய மாளிகையின் மேல் சன்னலிலிருந்து வரைந்தது. விளைத் தோட்டம் முழுவதும் தெரிகிறது. கீழே 1144 சிங்ஙம் 20 என்று போட்டிருக்கிறார். அதாவது அறுபத்தெட்டு ஓணக் காலம், கேஸில் கேட்கும் அதே சமயம். அப்போது நான் ஒன்பதாம் கிளாஸ். ஆனால் நம் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வாழைக் கூட்டம் நிற்கிறது. கிணற்றடியிலிருந்து ஒற்றையடிப் பாதை வளைந்து வந்து வாழைக்குள் போய் முடிந்துவிடுகிறது. வாழைக்குள் அத்தனை தேய நடக்க யாருக்கு என்ன வேலை?

பிள்ளையின் வக்கீல் இந்தப் படத்தைத்தான் டிரிபியூனலில் காட்டப் போகிறாராம். அண்ணன் அந்த வருஷம் பெரிய ஆள். நாம் அங்கேதானே இருந்தோம்? எனக்குப் பைத்தியம் பிடிக்கும் முன் ஒரு வரி எழுதவும்.

ராஜபாய்


துபாய்
9-2-76

பிரியப்பட்ட ராஜபாய்க்கு,

காயிதம் எல்லாம் கிட்டியாச்சு. எழுத நேரமில்ல. இஞ்ச ஒரு அறையில பதினோரு பேராக்கும். கட்டில் ஒழியும்போதுதான் கிடக்க முடியும். இனி நீ எழுதும்போ தமிழிலயே எழுது. நெய்யாற்றின்கரைக்காரன் ரெண்டு பேரு உண்டு, மலையாளத்தில காயிதம் வந்தா தோளுக்குப் பின்னால நின்னு வாசிக்கானுவ.

வேல கிட்டினதில சந்தோசம். கேஸ் விசயம் நான் பறையது கேளு. பிள்ள ஆளு விட்டு, சானல் கரையில மூணு சென்ட் தாறேன்னு சொன்னாரே, அதை வாங்கிக்கிட்டு அப்பாவைக் கேஸ் வேண்டாம்னு ஒப்பு போடச் சொல்லு. ஈரம் கட்டுற இடம்தான், நான் வந்து கல்லு போட்டு உயத்தித் தாறேன். பிள்ளைக்க மவ ஸ்ரீகுமாரிக்க மாப்பிளதான் எனக்கு விசா எடுத்துத் தந்தது. அவருதான் இஞ்ச கேம்புக்குப் பெரிய ஆளு. எனக்க பாஸ்போர்ட் அவருக்க மேசைக்குள்ள இருக்கு. போன வாரம் ஒருத்தன் எதிர்த்துப் பேசினான். மறுநாள் அவனுக்க கட்டில் காலி.

படத்தைப் பத்திக் கேட்டிருக்கே. பெரிய ஆளுவ வரையும்போ வேண்டியதை வைப்பாவ, வேண்டாததை விடுவாவ. அதை நீ எடுத்தெடுத்துப் பாக்காதே. அளவை எழுதினோம், பெட்டியில வச்சோம்னு போ.

அப்பாவுக்கு முட்டுவலிக்கு ஒரு தைலம் குடுத்தனுப்புறேன்.

கருணாகரன்


பாறசாலை
7 மார்ச் 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

நாம் அங்கே இருந்தோமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் அண்ணன் பதில் எழுதவில்லை. இப்போது வேண்டாம், எனக்கே தெரிந்துவிட்டது.

போன சனிக்கிழமை அந்தப் படத்தின் முறை வந்தது. கம்பெனிக் குறி பார்ப்பதற்காகச் சன்னலுக்கு நேரே பிடித்தேன். மற்ற இடமெல்லாம் ஒரே போல மங்கலாக இருக்க, வாழை நிற்கும் இடம் மட்டும் விளக்கு வைத்ததுபோல வெளுத்துத் தெரிந்தது. அங்கே காகிதம் பாதி தேய்ந்திருக்கிறது. பிளேடு வைத்துச் சுரண்டி, அதன் மேல் வாழை வரைந்திருக்கிறார்கள். தாளைத் திருப்பினேன். பிள்ளை பென்சிலை அழுத்தி வரைகிறவர். முன்பக்கம் சுரண்டினாலும் பின்பக்கம் கோடு புடைத்து நிற்கிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு விரல் நுனியால் தடவினேன். கூரை. முன்னால் இரண்டு கால். படலை. அம்மை மரச்சீனிக் கிழங்கு உலர்த்தப் போட்ட பரண். வாசலில் ஒரு உருவம் இருக்கிறது. அம்மையா, கவிழ்த்து வைத்த குடமா என்று விரலுக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "பிள்ள வரையும்போ கீழே நான் ஓல முடைஞ்சிக்கிட்டிருந்தேன் மக்கா. குட்டப்பா, அனங்காதேன்னு மேல இருந்து சத்தம் போட்டாரு. நான் அரை மணிக்கூறு அனங்காம இருந்தேன். கழுத்து பிடிச்சுக்கிட்டு" என்றார். அப்புறம் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். கேஸ் ஜெயித்துவிட்டது என்றே நினைக்கிறார்.

பிள்ளையின் வக்கீல் படத்துக்கு மியூசியத்திடம் சர்டிபிகேட் கேட்டிருக்கிறார். வருஷம், காட்சி, நிலை மூன்றும் எழுதி மேலே உள்ளவர் கையொப்பமிட்டுத் தர வேண்டும். நான் எழுதும் கார்டைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதுவார்கள். எனக்கு மேலே இருக்கிற விஜயம்மா சேச்சியிடம் எல்லாம் சொன்னேன், நான் அந்த வீட்டுப் பெண் என்பதையும் சேர்த்து. வாய் திறந்து ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நிலை, நல்லது என்று எழுதிவிடு. பிள்ளை சார் டிரஸ்டுக்கு வேண்டிய ஆள், நீ டெம்பரரி" என்றார்.

"ஓட்டை இருந்தால் ஓட்டை என்று எழுதச் சொன்னது சேச்சிதானே?"

"ஓட்டைக்கு வக்கீல் கிடையாது, மோளே."

மே மாதம் முடிவதற்குள் கார்டு போக வேண்டும். யார் சுரண்டியது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்குக் கண்ணில் பூ விழுந்து ஐந்தாறு வருஷமாகிறது. அவரே சுரண்டியிருந்தால் தாள் கிழிந்திருக்கும். இது தொழில் தெரிந்த கை. வக்கீல் யாரையோ காசு கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கை எவனுடையதோ, அவன் நன்றாக இருக்க மாட்டான்.

ராஜபாய்


துபாய்
29-3-76

ராஜபாய்,

அந்தக் கை எனக்கதாக்கும்.

இதை எழுதாம இருக்கலாம்னு நெனச்சேன். நீ சபிச்சு எழுதின பெறவு நாலு நாள் சோறு இறங்கல. இனி மறைச்சு என்னத்துக்கு?

எழுபத்திமூணு கன்னி மாசம், ஓணம் கழிஞ்ச பெறவு. நான் உதியன்குளங்கரையில சோமன் சேட்டனுக்க போர்டு கடையில நிக்கேன். தகரத்தில தப்பா எழுதின எழுத்தை அரை பிளேடு வச்சுச் சுரண்டி எடுக்குறதில என்னை வெல்ல ஆளில்ல, நீயும் கண்டிருக்கே. பிள்ள ஆளு விட்டு வரச் சொன்னாரு. நேரா மாளிகைக்கு மேல கூட்டிக்கிட்டுப் போனாரு. அந்தப் படி ஏறின நம்ம ஆளுவளில முதல் ஆள் நானாக்கும். நாற்காலி போட்டாரு. இரிக்கச் சொன்னாரு. நான் இரிக்கல. இரிலேன்னாரு. இரிஞ்சேன்.

மேசையில அந்தப் படம். விசா பேப்பர் பக்கத்தில. ஒண்ணும் விளக்கிப் பேசல. "கருணாகரா, இந்த மூலையில ஒரு குப்பக் கூரை வந்து படத்தைக் கெடுக்குது. எனக்குக் கண்ணு தெரியல்ல. எடுத்துட்டு நாலு வாழ வை"ன்னாரு. எனக்கு விளங்காம இல்ல. ரேடியோவில தினம் பத்து சென்ட், பத்து சென்ட்னுதானே பறைஞ்சானுவ.

அந்தச் சன்னல் வழி பாத்தா நம்ம வீடு தெரியும். அம்மை முற்றம் தூத்துக்கிட்டு நின்னா. நான் இஞ்ச அவளுக்க கூரையைச் சுரண்டிக்கிட்டு இருந்தேன். சோழி வச்சுத் தேச்சு மினுசமாக்கினேன். வாழ வரைஞ்சேன். வழியை எடுக்கல்ல. அந்த வழியில அவரு ஒருநாளும் நடந்ததில்ல, அதனால அவருக்கு அதைக் காணத் தோணல்ல. எனக்குத் தோணிச்சு. வாயைத் திறக்கல்ல.

நீ வாசலில இருந்தது அம்மையா குடமான்னு கேட்டிருக்கே. அம்மைதான். முதல்ல சுரண்டினது அவளையாக்கும். அவளை வச்சுக்கிட்டு மத்ததைச் சுரண்ட முடியல்ல.

பிள்ளைக்க மருமவனுக்கு இது எல்லாம் அறியும். இனி உனக்கும் அறியும். வேற ஒரு ஆளுக்கும் அறியாண்டாம். அப்பாவுக்கு ஒட்டும் அறியாண்டாம்.

கருணாகரன்


பாறசாலை
18 ஏப்ரல் 1976

கருணாகரன் அண்ணனுக்கு,

கடிதம் விஷுவுக்கு முந்தின நாள் வந்தது. அப்பா வாசிக்கச் சொன்னார். மகன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே எதிரே இருந்தார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு வேறு ஒரு கடிதம் வாசித்தேன். அண்ணனுக்குச் சுகம் என்று வாசித்தேன். கேஸுக்காக வேண்டிக்கொள்வதாக வாசித்தேன். "அவன் அப்படித்தான், அவனுக்கு இந்த மண்ணு மேல உயிராக்கும்" என்றார். இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னபோது முதலில் என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது.

கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஐந்து தாள் கிழித்துவிட்டேன்.

வழியை அழிக்காமல் விட்டதை நீ ஒரு நல்ல காரியம் போல எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும்? அம்மையை முதலில் சுரண்டினாய். ஏழு மாதம் கழித்து அவள் செத்தபோது லீவு கிடைக்கவில்லை என்று எழுதினாய். லீவு கேட்டாயா?

ஒன்றே ஒன்று செய். விசாரணை ஜூன் பதினாலு. அங்கே நம் நாட்டு எம்பசி இருக்கிறது, அங்கே போய் நடந்ததை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பு. பிள்ளை சொல்லிச் செய்தேன், வீடு அறுபத்தெட்டில் அங்கே இருந்தது என்று இரண்டு வரி போதும். நீ சொன்னால் அது நீ சொன்னதாக இருக்கும். நான் கார்டில் எழுதினால் அது நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். அந்த வேலையை என் தலையில் வைக்காதே.

வேலை போனால் வா. சோமன் சேட்டனின் போர்டு கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சொந்த மண்ணில் கஞ்சி குடிக்கலாம்.

ராஜபாய்


துபாய்
6-5-76

ராஜபாய்,

எழுதி ஒப்பு போட என்னால பற்றாது. போர்டு கடைக்கு வான்னு எழுதிட்டே. உனக்கு எளுப்பம். இஞ்சயிருந்து போறதுக்கும் அவருக்க மேசையில இருந்துதான் பாஸ்போர்ட் வரணும்.

மண்ணு, மண்ணுன்னு எழுதியிருக்கே. நீ அதில ஒருநாள் மம்மட்டி பிடிச்சதுண்டா? நான் படிப்பை எட்டில விட்டேன், நீ படிக்கணும்னு. உனக்கு காலேஜுக்கு சாரி வந்தது எங்கேயிருந்து? ஹாஸ்டலுக்கும் புஸ்தகத்துக்கும் மாசாமாசம் வந்தது எங்கேயிருந்து? உனக்க பி.ஏ. அந்த வாழயிலதான் குலை போட்டது. அதைத் தின்னுட்டு இப்ப வாழ வச்சவனை விசாரிக்க வந்திருக்கே. விரலால தடவிப் பாக்கப் படிப்பிச்சுத் தந்ததும் அந்தப் படிப்புதானே.

ரெண்டு வருசம் பொறு. நான் அதியன்னூரில அஞ்சு சென்ட் வாங்கித் தாறேன். நல்ல தண்ணி உள்ள இடம். அப்பாவை அங்க கொண்டு போ.

நீ கார்டில எழுதினா எனக்குப் பெங்ஙள்னு ஒரு தங்கச்சியே இல்லன்னு வச்சுக்கிடுவேன்.

கருணாகரன்


பாறசாலை
30 மே 1976

அண்ணனுக்கு,

என் பி.ஏ.வைப் பற்றி எழுதியது உண்மை. மூன்று நாள் அதை யோசித்தேன். யாருடைய காசு என்று தெரியாமல் தின்றேன். இப்போது தெரியும். தெரிந்த பிறகும் 'நிலை, நல்லது' என்று எழுதினால், நானும் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு இருந்ததாகிவிடும்.

அதியன்னூரில் வாங்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்பா கேட்பது அவர் முப்பது வருஷம் இருந்த இடம் அவருடையது என்று ஒரு அதிகாரி வாயால் சொல்வது. அது விலைக்குக் கிடைக்காது.

கார்டில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன். நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

"இடது கீழ்ப்பகுதியில் நான்கு விரல் அகலத்தில் காகிதம் பிளேடால் சுரண்டப்பட்டுத் தேய்ந்துள்ளது. அதன் மேல் வேறு பென்சிலால் வாழை மரங்கள் பின்னால் சேர்க்கப்பட்டுள்ளன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. தாளின் பின்பக்கம் கூரை வீடு ஒன்றின் கோடுகள் புடைத்துள்ளன."

யார் கை என்று எழுதவில்லை. கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

ராஜபாய்


துபாய்
8-6-76

பென்சில்லதானே எழுதுவிய. அழிக்க ஒரு நிமிசம் போதும். கொண்டு போற ஆளுக்க கையில இந்தக் காயிதம் குடுத்துவிடுறேன். கிட்டின உடனே அழி. உனக்க காலைப் பிடிச்சுக் கேக்கேன் மக்கா.


அதியன்னூர்
27 ஜூன் 1976

அண்ணனுக்கு,

நீ கொடுத்தனுப்பிய கடிதம் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் கிடைத்தது. அழிக்கவில்லை. கேஸ் என்னவானது என்று உன் ஆளுகள் உனக்கு இதற்குள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பார்க்காததை நான் எழுதுகிறேன்.

டிரிபியூனல் படத்தையே கொண்டுவரச் சொல்லியிருந்தது. விஜயம்மா சேச்சியும் நானும் அதைப் பட்டுத்தாளில் பொதிந்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பாலராமபுரம் தாண்டும்வரை சேச்சி அட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சர்டிபிகேட்டில் நீ எழுதியதுதான் போயிருக்கிறது. கையொப்பம் வாங்க நான் மேலே உள்ளவர் பின்னால் இரண்டு நாள் நடந்தேன். என்னிடம் ஒன்றும் கேட்காதே" என்றார்.

பிள்ளை வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் கைபிடித்து நடத்த ஒரு ஆள். அவருடைய வக்கீல் எழுந்து, கார்டை எழுதிய பெண் மனுதாரரின் மகள், இதை எப்படி எடுப்பது என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் இறங்கிவிடலாம்போல இருந்தது. அதிகாரி நல்ல மனுஷன். "மகள் எழுதியதை விடுங்கள். எனக்குக் கண் இருக்கிறதே" என்று தாளை வாங்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார். நான் சொல்லித்தரவில்லை. தாமாகவே பின்பக்கமும் தடவிப் பார்த்தார். "கூரை உண்டே!" என்று உரக்கச் சொன்னார். பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளையின் வக்கீல் பத்து நிமிஷம் இடைவேளை கேட்டார். வெளியே வந்து அப்பாவின் தோளில் கை போட்டு மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். உறவுக்காரன்போல. என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அப்பா வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைப்பது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"சுரண்டினது ஆருன்னு உனக்கு அறியுமா?"

"அறியும்."

"எப்ப முதல்?"

"விஷு முதல்."

"கள்ளத் தெளிவு, பொய்ச் சாட்சி உண்டாக்கினதுன்னு அவன் மேல கேஸ் போடுவாவளாம். அங்கயிருந்து கையில விலங்கு போட்டுக் கொண்டு வருவாவளாம். அறிஞ்சிக்கிட்டா நீ இதை மடியில வச்சுச் சுமந்துக்கிட்டு வந்தே?"

பிள்ளையின் பெயரும் அல்லவா வெளியே வரும், சும்மா பயமுறுத்துகிறார்கள், வக்கீலுக்கும் பயம் உண்டு என்று சொன்னேன். "பிள்ளைக்கு என்ன வரும்? கண்ணு தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதிகாரி அவரிடம், "குட்டப்பன், இது உங்கள் வீடுதானே? சொல்லும்" என்றார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்.

அப்பா, "அது ஆருக்க வீடுன்னு எனக்கு அறிஞ்சுகூடா, ஏமானே. நான் அங்க வந்தது எழுபத்தொண்ணில" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டார். இல்லை என்றார். சத்தியமாகவா என்று கேட்டார். "எனக்க மவன் மேல சத்தியம்" என்றார். அதிகாரி தாளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். பெருவிரல் மை துடைக்க அப்பாவுக்கு யாரோ ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைத்தார் என்று தெரியாது. போகும்போது, "குட்டப்பன் நல்லவனாக்கும்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

சானல் கரை மூன்று சென்ட் இனி இல்லையாம். கேஸை விசாரணைவரை கொண்டுபோனதோடு அது போய்விட்டதாம். இருபதாம் தேதி அப்பாவே நம் கூரை மேல் ஏறி ஓலையைப் பிரித்தார். முட்டுவலியோடு ஏறினார். பொன்னப்பன் மாமன் கீழே நின்று வாங்கினார், அந்த உதவிக்கு வந்தார். இப்போது நீ இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன அதே அதியன்னூரில், ஓமனா சித்தி வீட்டை ஒட்டிய சாய்ப்பில் இருக்கிறோம். மியூசியத்தில் என் ஆறு மாதம் முடிந்துவிட்டது. நீட்டவில்லை. காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

உன்னைப் பற்றி அப்பா ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. ஓமனா சித்தி உன்னைத் திட்டத் தொடங்கியபோது, "சின்னப் பய, பெரிய ஆளு மேசையில இருத்தினா என்ன செய்வான்?" என்றார். என்னிடம் பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். நான் எழுந்துபோன பிறகு சாப்பிடுகிறார்.

இன்று காலையில் முதல் தடவையாகக் கூப்பிட்டு, தாளெடுத்து எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்க மவன் கருணாகரனுக்கு அப்பா எழுதியது. இஞ்ச எல்லாருக்கும் சுகம். கேஸ் நல்லபடியா தீந்தாச்சு. நீ ஒண்ணுக்கும் விசாரப்படாண்டாம். ஸ்ரீகுமாரிக் கொச்சம்மைக்க மாப்பிளைக்கு எதிர்த்து ஒண்ணும் பறையாதே. நேரத்துக்குச் சாப்பிடு."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். பதினாலாம் தேதிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான். அதுவும் உன்னிடம்.

ராஜபாய்